விதை விற்ற வானொலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அமெரிக்காவில் ஒமாஹா நகரில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில் அயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஷெனன்டோவா என்ற சிற்றூருக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். பின்னாளில் இருவராகப் பாடி உலகப்புகழ் பெற்ற எவர்லி சகோதரர்கள் சிறுவயதில் வசித்த வீட்டை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மிகச் சிறிய வீடு. இதற்குள் நான்கு பேர் எப்படிப் புழங்கினார்கள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சிறுவர்கள் விடியற்காலையில் எழுந்து, விதைக் கம்பெனி நடத்திய வானொலியில் பாடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்களாம். அப்படி ஒன்றல்ல, இரண்டு வானொலி நிலையங்கள் அந்த ஊரில் இருந்தனவாம். ஐயாயிரம் பேர் வாழும் ஊருக்கு இரண்டு நிலையங்கள் எதற்கு? விதை விற்பவருக்கு வானொலியில் என்ன வேலை?

எனக்கு கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்க நாட்டார் பாட்டிலிருந்து வளர்ந்த இசை, பிடிக்கும். இன்று காரில் வானொலியைத் திருப்பினால் எந்த ஊரிலும் ஒரே இருபது பாட்டுதான் வருகிறது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சிறிய நிலையங்கள் மக்களின் குரலாக, கலப்படமில்லாமல் இருந்திருக்கின்றன; பிறகு வணிகம் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நீங்கள் அமெரிக்க நாட்டார் இசை பற்றி அவ்வப்போது எழுதுவதால் உங்களிடம் கேட்கிறேன். ஷெனன்டோவாவின் கதை என்ன? அப்படி ஒரு நிலையம் இன்று எங்காவது மிச்சம் இருக்கிறதா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

வணிகம் புகுந்து கெடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஷெனன்டோவாவில் வணிகம் வெளியிலிருந்து புகவில்லை. அந்த வானொலியைப் பெற்றெடுத்ததே வணிகம்தான். அந்த ஊரின் பிடில்காரருக்கும் பஜனைப் பாட்டுக்காரருக்கும் ஒலிவாங்கி கிடைத்தது ஒரு விதை வியாபாரியின் கணக்குப் புத்தகத்தால். ஆகவே உங்கள் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஷெனன்டோவா நாற்றுப் பண்ணைகளின் ஊர். நிஷ்னபோட்னா ஆற்றுப் பள்ளத்தாக்கின் கரிய மண்ணை நம்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பெரிய நாற்றுப் பண்ணைகள் வந்துவிட்டன. ஆனால் இவர்களின் வாடிக்கையாளர் உள்ளூர்க்காரர் அல்லர். ஆப்பிள் கன்றும் சோள விதையும் தக்காளி விதையும் தபாலில் போயின. குளிர்காலத்தில் அச்சிட்ட விதைப் பட்டியல் பண்ணை வீடுகளுக்குப் போகும். குடும்பமே அடுப்பருகில் உட்கார்ந்து அதைப் புரட்டும். வசந்தம் தொடங்குமுன் ஆர்டர் வரும். 1913இல் அமெரிக்கத் தபால்துறை பார்சல் சேவையைத் தொடங்கியதும் இந்த வியாபாரம் இன்னும் கொழுத்தது. ஐயாயிரம் பேர் வாழும் ஊர் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அந்தக் கடைக்காரர்களின் மனதில் இருந்த ஊரோ நான்கைந்து மாநிலங்களின் அளவுக்குப் பெரியது.

அவர்களில் ஒருவர் ஹென்றி ஃபீல்ட். 1871இல் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே விதை விற்கத் தொடங்கியவர். அவருடைய விதைப் பட்டியலே ஒரு நீண்ட அரட்டை. தன் பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, சென்ற ஆண்டு பொய்த்துப்போன முலாம்பழத்தைப் பற்றி எழுதிவிட்டு, அதற்கு நடுவில்தான் விலையைச் சொல்வார். பட்டியலை அச்சிடக் காசு, அனுப்பத் தபால்தலைக்குக் காசு. வானொலிக்குத் தபால்தலை வேண்டாம் என்பதை இப்படிப்பட்ட ஒருவர் கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

1923இல் உங்கள் ஒமாஹாவில் 'உட்மென் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற காப்பீட்டுச் சங்கம் டபிள்யூஓஏடபிள்யூ என்ற நிலையத்தைத் தொடங்கியது. ஃபீல்ட் தன் ஊர்ப் பாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பழைய பிடில் மெட்டுகள், தேவாலயப் பாடல்கள், இடையிடையே அவருடைய பேச்சு. கடிதங்கள் வந்தன. கடிதம் என்றால் தபால் வியாபாரிக்கு முகவரி; முகவரி என்றால் வாடிக்கையாளர். அடுத்த பிப்ரவரியிலேயே, 1924இல், விதைக் கிடங்கிலேயே அவருடைய சொந்த நிலையம் பேசத் தொடங்கிவிட்டது. பெயர் கேஎஃப்என்எஃப். திறன் 500 வாட்.

அதில் பாடியவர்கள் யார்? பெரும்பாலும் விதை பொட்டலம் கட்டியவர்கள், அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள். தொழில்முறைப் பாடகர்களைக் கூப்பிடக் கையில் பணம் இல்லாததும் ஒரு காரணம். அவர்களை ஃபீல்டுக்குப் பிடிக்காததும் ஒரு காரணம். ஜாஸ் அவருக்கு ஆகாது. நகரத்து நிலையங்களின் ஆபரா பாணிப் பாட்டும் ஆகாது. ஒலிவாங்கியின் முன் அவரே உட்கார்ந்து, அயோவாப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று பேசுவதுபோலப் பேசுவார். ஒரு பிடில் மெட்டு முடிந்ததும் விதையின் விலை வரும். சில ஆண்டுகளில் விதையோடு டயர், பெயிண்ட், காப்பி, துணிமணி, உலர்ந்த பிளம்ஸ் பழம் எல்லாம் வந்து சேர்ந்தன. கேட்டவர்கள் வாங்கினார்கள். ஆளைத் தெரியும் என்ற நினைப்பு அவர்களுக்கு.

ஒரு தெருவில் ஒருவர் கடையை விரித்தால் எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஏர்ல் மே என்பவர் 1919இல் அதே ஊரில் விதைக் கம்பெனி தொடங்கியவர். ஊரின் பெரிய நாற்றுப் பண்ணை முதலாளியின் மருமகன். 1925இல் அவர் கேஎம்ஏ நிலையத்தைத் தொடங்கினார். ஓராண்டு கழித்து 'ரேடியோ டைஜஸ்ட்' பத்திரிகை வாசகரிடையே நடத்திய வாக்கெடுப்பில் நாட்டிலேயே மிகப் பிரபலமான அறிவிப்பாளர் என்ற கோப்பை நியூயார்க்குக்கும் போகவில்லை, சிகாகோவுக்கும் போகவில்லை. ஷெனன்டோவாவின் விதைக்கடைக்காரருக்குப் போயிற்று. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: இரண்டு நிலையங்கள் ஊருக்காக வந்தவை அல்ல, இரண்டு கடைகளுக்காக வந்தவை.

விரைவில் இன்னொன்று நடந்தது. கேட்டவர்கள் பார்க்க வந்தார்கள். இரண்டு கடைகளும் ஆண்டுதோறும் விழா எடுத்தன. வந்தவர்களுக்கு இலவசமாகத் தோசைக்கல்லில் பான்கேக் வார்த்துப் போட்டார்கள். பண்ணைக் குடும்பங்கள் ஃபோர்டு கார்களில் வந்து குவிந்தன. ஊரின் மக்கள்தொகையைப்போல் பல மடங்குக் கூட்டம். நாள் முழுதும் பாட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது வண்டி நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கூட்டத்துக்காக 1927இல் மே கட்டிய மேஃபேர் அரங்கம் தனிக் கதை. சோளக்காட்டின் நடுவே மூரிஷ் என்ற ஸ்பானிய இஸ்லாமியக் கட்டடப் பாணியில் ஓர் அரண்மனை. ஏறக்குறைய 1,000 பேர் உட்காரலாம். உள்கூரையில் வானம் தீட்டி, நட்சத்திரம் மின்னுவதற்கு விளக்கும் வைத்திருந்தார்கள். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே மிகப் பெரிய கண்ணாடித் தகடு. கூட்டத்தின் இருமலும் குழந்தை அழுகையும் ஒலிவாங்கியில் விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்தடி தொலைவில் பிடில்காரரின் முழங்கை ஆடுகிறது. அந்த ஒலி நேராக உங்கள் காதுக்கு வராது. ஒலிவாங்கிக்குள் புகுந்து, கருவிகளுக்குள் சுற்றி, அரங்கில் வைத்த ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். நூறு மைல் கார் ஓட்டிக்கொண்டு பாட்டைப் பார்க்க வந்தவர்கள் அங்கேயும் வானொலியைத்தான் கேட்டார்கள். அதில் அவர்களுக்குக் குறை ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. 1960களில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இடித்தவர்களுக்கு அதன் பராமரிப்புச் செலவு தெரிந்திருக்கும். எனக்கு வருத்தம் மட்டும் தெரிகிறது.

500 வாட் நிலையம் எப்படி அவ்வளவு தூரம் கேட்டது என்று ஒரு பொறியாளராக நீங்கள் கேட்கக்கூடும். இந்த நிலையங்கள் பயன்படுத்திய மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். தரை மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தேயாமல் போகும். பாறை நிலத்திலும் மணலிலும் சீக்கிரம் செத்துவிடும். அயோவாவின் ஈரமான கரிசல் மண், அமெரிக்காவில் இதற்கு மிகத் தோதான நிலங்களில் ஒன்று. சோளத்தை வளர்த்த மண்ணே பாட்டையும் சுமந்தது என்று சொன்னால் கவிதை என்று நினைத்துவிடாதீர்கள், அது இயற்பியல். வடக்கே தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் ஊரிலும் இதே கதைதான்: கர்னி என்ற விதை நாற்றுக் கம்பெனி டபிள்யூஎன்ஏஎக்ஸ் நிலையத்தை வைத்திருந்தது, அதில் வாசித்துப் பெயர் வாங்கியவர் பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க். அன்றைக்கு வானலையில் நெரிசலும் குறைவு. பண்ணை வீடுகளில் மின்சாரம் கிடையாது. 1930களின் நடுவில்கூடப் பத்தில் ஒரு பண்ணைக்குத்தான் இருந்தது. பேட்டரியில் ஓடும் பெட்டியைக் கணக்குப் பார்த்துத்தான் திறப்பார்கள். எந்த நேரத்துக்கு எந்த நிலையம் என்பதில் மனிதர்களுக்குக் கறார் இருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கருத்து. கன்ட்ரி இசையின் வானொலி வரலாற்றில் நீங்கள் எந்தப் பெரிய பெயரைத் தொட்டாலும் பின்னால் ஒரு கடை நிற்கும். சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் 1924இல் 'நேஷனல் பார்ன் டான்ஸ்' தொடங்கியபோது அது சியர்ஸ் என்ற தபால் வணிக நிறுவனத்தின் நிலையம். நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' 1925இல் பிறந்தது காப்பீட்டுக் கம்பெனி வீட்டில். வாரம் சில சென்ட் பிரீமியம் வாங்க வீடு வீடாகப் போன முகவர்களுக்கு அந்த நிகழ்ச்சிதான் கதவைத் திறந்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது டெக்சஸின் மாவு மில் கதை. ஃபோர்ட் வொர்த்தில் பர்ரஸ் மில் 1931இல் 'லைட் கிரஸ்ட் டோபாய்ஸ்' என்ற குழுவை வானொலியில் பாடவைத்தது. பிடில் வாசித்தவர் பாப் வில்ஸ். பின்னாளில் கன்ட்ரியும் ஜாஸும் கலந்த வெஸ்டர்ன் ஸ்விங் என்ற வகையையே நிலைநாட்டியவர். மில்லின் மேலாளர் லீ ஓ'டேனியலுக்கு அந்த மலைநாட்டு இசை பிடிக்கவே இல்லை. கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். கேட்டவர்கள் விடவில்லை, பாப் வில்ஸும் விடவில்லை. மீண்டும் தொடங்கிய பிறகு மேலாளருக்கே அதில் ருசி ஏறிவிட்டது. தானே அறிவிப்பாளராகி, பாட்டும் எழுதி, பிறகு தனியாக 'ஹில்பில்லி' (மலைநாட்டான்) என்ற பெயரிலேயே மாவும் விற்று, 1938இல் பிடில் குழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேர்தல் பிரசாரம் செய்து டெக்சஸின் ஆளுநராகவே ஆகிவிட்டார். நம் ஷெனன்டோவாவின் ஹென்றி ஃபீல்டும் 1932இல் அந்த ஆசையில் செனட் தேர்தலில் நின்றார். கட்சிக்குள் நடந்த தேர்தலில் பதவியில் இருந்தவரையே வீழ்த்திவிட்டு, பொதுத்தேர்தலில் தோற்றார்.

இதை எதிர்த்தவர்கள் அன்றே இருந்தார்கள். அப்போது வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், இத்தனை பெரிய பொதுச்சேவை வாய்ப்பு விளம்பரக் கூச்சலில் மூழ்குவதை நினைத்தும் பார்க்க முடியாது என்ற பொருளில் 1922இலேயே பேசினார். அவர் அயோவாக்காரர்தான். படித்த நகரத்தவரின் வாதம் அவருடையது, நியாயமானதும்கூட. ஆனால் அவர் விரும்பிய கண்ணியமான வானொலியில் யார் பாடியிருப்பார்கள்? பயிற்சி பெற்ற குரல்கள், நகரத்து வாத்தியக் குழுக்கள். வயல் வேலைக்காரரின் பிடிலுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. அதை ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்து நிறுத்தியது கலைப்பற்று அல்ல. விதை வாங்குகிறவனுக்கு அது பிடிக்கும் என்ற கடைக்காரனின் மூக்கு.

அதற்காக அந்தக் கடைக்காரர்களைப் புனிதராக்க நான் தயாரில்லை. முதலாவது, முதலாளிக்குப் பிடிக்காதது நிலையத்தில் வராது. ஃபீல்டின் ஜாஸ் வெறுப்பு அவருடைய தனிப்பட்ட ருசி. அது ஒரு வட்டாரத்தின் காதுக்கே வேலியாயிற்று. இரண்டாவது, இதே முறையில் எதையும் விற்கலாம். அதே அயோவாவின் கிழக்கு எல்லையில் மஸ்கட்டைன் ஊரில் நார்மன் பேக்கர் என்பவர் 1925இல் கேடிஎன்டி என்ற நிலையத்தை வைத்தார். இசையும் இருந்தது, நாட்டார் பேச்சும் இருந்தது. அவர் விற்றது புற்றுநோய்க்குப் போலி வைத்தியம். கான்சஸின் மில்ஃபோர்டில் ஜான் பிரிங்க்லி ஆட்டின் விதைச் சுரப்பியை ஆண்களுக்குப் பொருத்தி ஆண்மை தருவதாக விளம்பரம் செய்தார். அரசு இருவரின் உரிமத்தையும் புதுப்பிக்க மறுத்ததும் இருவரும் மெக்சிகோ எல்லைக்கு அந்தப்புறம் போய், அமெரிக்காவில் வழக்கமாக அனுமதிக்கப்படாத திறனில் நிலையம் வைத்தார்கள். கன்ட்ரி இசையின் ஆதிக் குடும்பமான கார்ட்டர் குடும்பம் 1930களின் இறுதியில் பிரிங்க்லியின் எக்ஸ்இஆர்ஏ நிலையத்தில்தான் பாடியது. நாடு முழுவதும் அவர்கள் குரலைக் கொண்டுசேர்த்தது ஒரு போலி மருத்துவரின் கோபுரம். விதையை நம்பி வாங்கினால் முளைக்காமல் போகலாம், அதோடு போயிற்று. மருந்தை நம்பி வாங்கியவர்கள் செத்தார்கள். ஷெனன்டோவா நல்ல பெயரோடு நிற்பதற்கு அதன் முதலாளிகளின் நேர்மை ஒரு பாதி. அடுத்த வசந்தத்திலும் அதே ஆளிடம் விற்றாக வேண்டிய பொருளை அவர்கள் விற்றது மறுபாதி.

உங்கள் துணைவியார் அந்த வீட்டில் ஆர்வம் காட்டியதால் அவருக்காக ஒன்று. இந்த நிலையங்களில் பாட்டைவிட நீண்டநாள் ஓடியது சமையலறைப் பேச்சு. ஹென்றி ஃபீல்டின் தங்கை லியானா ட்ரிஃப்ட்மையர் 1926 முதல் நடத்திய நிகழ்ச்சி, பின்னர் 'கிச்சன் கிளாட்டர்' என்ற பெயரில் 1980கள் வரை வந்தது. கார் விபத்தில் காயமடைந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு அவர் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினார். சமையல் குறிப்பு, பிள்ளைகளின் காய்ச்சல், மகள் எழுதிய கடிதம், அப்புறம் வனிலா எசன்ஸ் வியாபாரம். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகவே ஒரு மைல் பனியில் நடக்க வேண்டிய பெண்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதைப் பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் கவனிப்பதே இல்லை. தனியாக ஒரு கட்டுரைக்கு உரிய விஷயம்.

எவர்லி குடும்பத்துக்கு வருவோம். தந்தை ஐக் எவர்லி கென்டக்கியின் முலன்பெர்க் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கட்டைவிரலால் கட்டைச் சுரத்தை நடத்திக்கொண்டே மற்ற விரல்களால் மெட்டை வாசிக்கும் அந்த ஊர் கிதார் முறையில் கைதேர்ந்தவர். பின்னர் உலகப்புகழ் பெற்ற மெர்ல் டிராவிஸ் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர். சுரங்கத்தை விட்டு சிகாகோ போய், அங்கிருந்து 1940களின் நடுவில் ஷெனன்டோவாவுக்கு வந்தார். முதலில் கேஎம்ஏ, பிறகு கேஎஃப்என்எஃப். மூத்தவன் டானுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. ஃபில் அவனைவிட இரண்டு வயது இளையவன். 'லிட்டில் டானி', 'பேபி பாய் ஃபில்' என்று அறிவிப்பார்கள். தாய் மார்கரெட்டும் சேர்ந்து நால்வர்.

அந்த ஒலிபரப்பைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. எவர்லி சகோதரர்கள் 1968இல் வெளியிட்ட 'ரூட்ஸ்' என்ற இசைத்தட்டு, குடும்பத்தின் 1952ஆம் ஆண்டு வானொலி நிகழ்ச்சியின் துண்டோடு தொடங்குகிறது. பிள்ளைகள் பாடும்போது கவனியுங்கள்: இரண்டு குரலும் மூன்றாம் சுர இடைவெளியில் ஒட்டிக்கொண்டே போகின்றன, ஒருவன் மூச்செடுக்கும் இடத்தில் மற்றவனும் எடுக்கிறான். 1957க்குப் பிறகு பீட்டில்ஸ் உட்பட உலகமே நகலெடுத்த அந்த இணைப்பு, எந்த ஸ்டுடியோத் தயாரிப்பாளரும் செய்தது அல்ல. தினமும் விடியற்காலையில், குளிரில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுமே என்ற அவசரத்தில் ஒரே ஒலிவாங்கியைப் பங்குபோட்டுப் பாடியதால் படிந்தது. மேடைக் கலைஞனுக்கு வாரத்தில் ஒருநாள் கச்சேரி கிடைத்தாலே அதிகம். வானொலிப் பிள்ளைக்கு நாள்தோறும் அரங்கேற்றம். அமெரிக்கச் சிறுநகர வானொலி இசைக்குக் கொடுத்த பெரிய கொடை இந்தத் தினசரிப் பழக்கம்தான் என்பது என் எண்ணம். கலைக்கூடங்கள் எதுவும் அதைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் அது ஏன் முடிந்தது? 1950களின் தொடக்கத்தில் நேரடிப் பாட்டுக்காரர்களை நிலையங்கள் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டன. ஒரு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுப்பதைவிட ஒரு ஆளும் ஒரு பெட்டி இசைத்தட்டும் மலிவு. தொலைக்காட்சியும் வந்துவிட்டது, மே குடும்பமே 1949இல் ஒமாஹாவில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிவிட்டது, நீங்கள் இன்று பார்க்கும் கேஎம்டிவி அதுதான். எவர்லிகள் ஊரை விட்டுக் கிளம்பி, டென்னசியின் நாக்ஸ்வில்லில் கேஸ் வாக்கர் என்பவரின் வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார்கள். அவர் யார் என்கிறீர்கள்? மளிகைக்கடை முதலாளி!

ஆனால் இசைத்தட்டு மட்டும் காரணம் அல்ல. வணிகம் கெடுத்தது என்பதில் உங்களோடு சேர்ந்துகொள்ளும் இடம் இதுதான், ஒரு திருத்தத்தோடு. ஃபீல்டும் மேயும் நேயர்களுக்குப் பொருளை விற்றார்கள். அவர்களுக்குப் பாட்டு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்ற கணக்கு தேவையில்லை. விதை விற்கிறதா என்று கல்லாப்பெட்டியே சொல்லிவிடும். ஆகவே முதலாளி தனக்குப் பிடித்த கிழவரைக் காலை ஆறு மணிக்குப் பிடில் வாசிக்கவிடலாம். பிறகு வந்த நிலையங்களுக்குச் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. அவை நேயர்களின் காதுகளை விளம்பரதாரர்களுக்கு விற்றன. காதுகளை விற்கும் வியாபாரத்தில் ஒரு காதுகூட நழுவக்கூடாது. பழக்கமில்லாத பாட்டு வந்தால் நழுவிவிடும். அதற்கு மருந்து, தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவது. இந்த முறையை முழுவடிவில் நடத்திக் காட்டியவர் டாட் ஸ்டோர்ஸ். தந்தையோடு சேர்ந்து 1949இல் அவர் வாங்கிய கேஓடபிள்யூஎச் நிலையம் இருந்தது எங்கே தெரியுமா? உங்கள் ஒமாஹாவில். உங்கள் கார் வானொலியின் 'ஒரே இருபது பாட்டு' பிறந்த ஊரில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள்.

நாள் முழுதும் கன்ட்ரி இசை மட்டுமே ஒலிக்கும் நிலையம் என்ற வழக்கமும் இதற்குப் பிறகு வந்ததுதான். டெக்சஸின் லபக் ஊரில் 1953இல் தொடங்கிய கேடிஏவி அவற்றில் முதலாவது என்பார்கள். 1961இல் நாடு முழுவதும் அப்படி 81 நிலையங்கள். 1969இல் 600க்கு மேல். கேஎஃப்என்எஃப் தன்னை ஒருநாளும் கன்ட்ரி நிலையம் என்று சொல்லிக்கொண்டதில்லை. பன்றி விலை, வானிலை, பிரசங்கம், பிடில், டயர் விலை எல்லாம் ஒரே தட்டில் வந்த காலம் அது. இசையைத் தனியாகப் பிரித்து அடுக்கியபோது நிலையங்கள் பெருகின, பாடுகிறவர்கள் ஊரைவிட்டு மறைந்தார்கள். 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே முதலாளி நூற்றுக்கணக்கான நிலையங்களை வைத்துக்கொள்ளக் கதவைத் திறந்துவிட்டதைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள்.

கேஎஃப்என்எஃப் பின்னர் ஒரு மத ஒலிபரப்பு நிறுவனத்திடம் போய்ப் பெயரும் மாறிவிட்டது. கேஎம்ஏ இன்றும் 960 கிலோஹெர்ட்ஸில், 5,000 வாட்டில் இருக்கிறது, நூறாண்டைத் தொட்டுவிட்டது. செய்தி, பண்ணை விலை, பள்ளிக்கூட விளையாட்டு வர்ணனை என்று போகிறது. உங்கள் காரிலேயே பகலில் எடுக்கும்.

நேரடிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஷெனன்டோவாவை விட்டுவிடுங்கள். வடக்கு கரோலினாவில் மவுன்ட் ஏரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ரால்ஃப் எப்பர்சன் என்பவர் 1948 பிப்ரவரி 2ஆம் தேதி டபிள்யூபிஏக்யூ என்ற நிலையத்தைத் தொடங்கினார். மலைநாட்டுப் பிடிலும் பாஞ்சோவும்தான் அதன் உயிர். 'மெர்ரி-கோ-ரவுண்ட்' என்ற அதன் நேரடி நிகழ்ச்சி அந்த ஆண்டிலிருந்து சனிக்கிழமைதோறும் நடந்துவருகிறது. ஊர்க் குழுக்கள் வந்து வாசிக்கின்றன, பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம். அந்த அலைவரிசை, 740 கிலோஹெர்ட்ஸ், கனடாவின் டொராண்டோ நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்ததால் அது நெடுங்காலம் சூரியன் மறைந்ததும் அடங்கிவிடும் நிலையமாகவே இருந்தது. இப்போது இணையத்திலும் வருகிறது. ஒமாஹாவிலிருந்து கேட்க விரும்பினால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அவர்கள் கிழக்கு நேரம், நீங்கள் ஒரு மணி பின்னால்.

அன்புடன்.